வாய்க்காலை விட்டுவிட்டாய்

உப்புத்தாளால் செம்புக் கம்பியின் முனையைத் தேய்த்தால் ஒரு மணம் வரும். சில்லறைக் காசை வெகுநேரம் கைக்குள் மூடி வைத்திருந்துவிட்டு விரித்தால் வருமே, கிட்டத்தட்ட அந்த மணம். இன்று காலை எங்கள் பள்ளி ஆய்வகம் முழுக்க அதுதான். செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. பிளஸ் டூ பெண்கள் மேசைக்கு மேசை உட்கார்ந்து கம்பி தேய்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களோடு நானும். எனக்கு உடனே உன் நினைப்பு வந்தது. அதற்காக நெகிழ்ந்துவிடாதே. உன் நினைப்போடு எனக்கு முதலில் வருவது வயிற்றெரிச்சல். நீ போய்ச் சில வாரங்கள்தான் ஆகின்றன, இப்போது போய் இப்படி எழுதுகிறாளே என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். போனவர்களுக்கு எழுதும் மடலை எல்லோரும் எப்படித் தொடங்குவார்கள் என்று எனக்கும் தெரியும். எனக்கு அப்படி வரவில்லை.

ஆய்வகத்தில் இந்த வருடம் என்னோடு இன்னொரு இயற்பியல் டீச்சரும் இருக்கிறாள். தேன்மொழி என்று பெயர், சின்னப் பெண். கல்லூரியில் உன் மாணவி. சேர்ந்த முதல் நாளே என்னிடம் வந்து, “எங்க மேம் மாதிரி ஆகணும்னுதான் மேடம் இந்த வேலைக்கே வந்தேன்” என்றாள். எந்த மேம் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னாள். தெரியும், கூடப் படித்தவள்தான் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். உன் சாவு வீட்டில் வாசல் ஓரமாக நின்றுகொண்டு தேம்பித் தேம்பி அழுதவள் இவள்தான். உன் பெண்கூட அப்படி அழவில்லை.

இன்று அவள் மின்னழுத்தமானிப் பலகையை எடுத்து மேசைமேல் வைத்தாள். நம் காலத்திலிருந்து அந்தப் பலகை ஒன்றும் மாறவில்லை. மீட்டர் நீளத்தில் பக்கம் பக்கமாகப் பத்துக் கம்பிகள், முனைக்கு முனை செம்புத் தகடு போட்டு ஒரே நீளக் கம்பியாக்கியது. அந்தக் கம்பியில் மின்னோட்டம் ஓட ஒரு பேட்டரி, அளக்க வேண்டிய மின்கலம் தனி. பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். “யாரும் பயப்படாதீங்க. ஒரு கதை சொல்றேன், ஜென்மத்துக்கும் மறக்காது” என்று தேன்மொழி ஆரம்பித்தாள். “பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வயல் இருக்குன்னு வச்சுக்குங்க. ரெண்டுலயும் தண்ணி நிக்குது...”

நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

உனக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ஆகாது. இளங்கலை மூன்றாம் வருடம், ஒரே மேசையில் நீயும் நானும். “வோல்ட்மீட்டர்னு ஒண்ணு இருக்குல்ல, அத வச்சு பட்டுனு அளந்துட்டுப் போக வேண்டியதுதானே? இதுக்கு எதுக்குடி பத்து மீட்டர் கம்பி?” என்று சிடுசிடுப்பாய். பதில் உனக்கு மனப்பாடம். வோல்ட்மீட்டர் எந்த மின்கலத்தை அளக்கிறதோ அதிலிருந்தே கொஞ்சம் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். எடுத்த உடனே அங்கே மின்னழுத்த வேறுபாடு குறைந்துபோகும், குறைந்ததைத்தான் காட்டும். மின்னழுத்தமானி ஒன்றையும் எடுக்காமல் அளக்கும். இதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாய். ஒப்பித்து முடித்துவிட்டு, “எடுக்காம எப்படிடி அளக்கும்? அதச் சொல்லு மொதல்ல” என்று என் கையைக் கிள்ளுவாய். தொடுசாவியைக் கம்பியின் ஒரு முனையில் அழுத்தினால் மின்னோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் கால்வனாமீட்டர் முள் இந்தப் பக்கம் ஓடும், மறுமுனையில் அழுத்தினால் அந்தப் பக்கம் ஓடும், நடுவில் எங்கேயோ சுழியத்தில் நிற்கும். நிற்கிற இடத்தின் நீளத்தைக் குறித்துக்கொண்டு நீ அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அங்கே எது எதற்குச் சமமாக நின்றது என்று உனக்குத் தெரியாது. மாதிரித் தேர்வில் அதைத்தான் கேட்டார்கள். வெளியே வந்து தூண் மறைவில் நின்று அழுதாய். “ஞாயித்துக்கிழமை எங்க ஊருக்கு வா” என்று சொன்னேன்.

தில்லை நகரில் கீழே கிளினிக், மேலே வீடு என்று வளர்ந்தவள் நீ. லால்குடிக்குப் பாசஞ்சர் ரயிலில் வந்ததே உனக்குப் பெரிய பிக்னிக். வயலில் கால் வைத்ததும் நத்தையைப் பார்த்து ஊரைக் கூட்டினாய். நடவு முடிந்து தண்ணீர் தேங்கி நின்ற சமயம் அது. வயலை ஒட்டி வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன், இந்த வாய்க்கால்தான் கம்பி. தண்ணீர் வந்து நுழையும் தலைப்பில் மட்டம் உயரம், ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும். வயல்தான் மின்கலம். வயலில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். குடத்தில் மொண்டு பார்த்தால், மொண்ட அளவுக்கு வயலின் மட்டமே இறங்கிவிடும். அது வோல்ட்மீட்டர் செய்கிற வேலை. நாம் மொள்ளப் போவதில்லை, வரப்பை வெட்டப் போகிறோம்.

தலைப்புப் பக்கம் வரப்பில் கைவிட்டு ஒரு வாய் வெட்டி, கால்வனாமீட்டர் முள்ளுக்குப் பதிலாக அதில் ஒரு வேப்பிலையைப் போட்டேன். இலை விறுவிறு என்று வயலுக்குள் ஓடியது. சேற்றை வைத்து அடைத்தோம். வால் பக்கம் வெட்டிப் போட்டேன். இலை வயலிலிருந்து வெளியே வாய்க்காலுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ என்னை விடவில்லை. முழங்கால் வரை சுருட்டிய சுடிதாரும் முழங்கை வரை சேறுமாக நீயே இங்கே வெட்டினாய், அங்கே வெட்டினாய், அடைத்தாய், மறுபடி வெட்டினாய். கடைசியில் ஓர் இடத்தில் இலை எந்தப் பக்கமும் போகாமல் லேசாக நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றது. குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“அடிப்பாவி! இவ்வளவுதானா?” என்றாய்.

“இவ்வளவுதான். இந்த எடத்துல வாய்க்கா மட்டமும் வயல் மட்டமும் ஒண்ணு. வயல்லேர்ந்து ஒரு சொட்டு எடுக்கல. ஆனா வாய்க்கால்ல இது எவ்வளவு தூரம்னு அளந்தா வயலோட மட்டம் தெரிஞ்சுபோச்சு.” அதோடு நான் விடவில்லை. “இல நிக்குதுன்னு வாய்க்காலும் நிக்குதுன்னு நெனச்சுக்காத. அது பாட்டுக்கு ஒரே சீரா ஓடிக்கிட்டே இருக்கணும். தலைப்பு மட்டம் வயல விட ஒசரமாவும் இருக்கணும். அது நின்னா அளவே கெடையாது” என்றேன். நீ தலையை ஆட்டினாய். காதில் வாங்கினாயா என்று அன்று நான் பார்க்கவில்லை. உன் கண் இலை மேலேயே இருந்தது.

அப்பா மண்வெட்டியோடு வந்துவிட்டார். “ஏம்மா, படிக்கிற புள்ளைங்க பண்ற வேலையா இது? வரப்ப எலி கொடஞ்ச மாதிரி பண்ணி வச்சிருக்கீங்களே!” என்று திட்டிக்கொண்டே அடைத்தார். நீ இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி அவருக்குக் கொடுத்தாய். திரும்பும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாய். எனக்கு அன்று உன்மேல் அப்படி ஒரு பிரியம். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

முதுகலை முடித்து இருவரும் நம் கல்லூரியிலேயே தற்காலிக விரிவுரையாளர்களாக இருந்தோம். ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. இருவரும் மனுப் போட்டோம். எனக்கு அந்த இடம் என்னவென்று உனக்குத் தெரியாதா? “வேல நிரந்தரமாச்சுன்னா உன் இஷ்டம், மேல படி. இல்லன்னா ஐப்பசியில கல்யாணம்” என்று அப்பா சொன்னதை முதலில் உன்னிடம்தான் வந்து சொன்னேன். ஆராய்ச்சி செய்ய வேண்டும், பிஎச்.டி. வாங்க வேண்டும் என்று நான் பிதற்றியதையெல்லாம் கேட்டவளும் நீதான். உனக்கும் ஆசை இருந்தது, மறுக்கவில்லை. போட்டி என்றால் போட்டி. அதில் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை.

நேர்முகத்தில் தேர்வுக் குழுவின் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். யார் எதை எடுக்கப் போகிறோம் என்று ஒளிக்காமல் சொல்லிக்கொண்டோம். நீ சோப்புக் குமிழியை வைத்து ஒளி பற்றி எடுக்கப் போவதாகச் சொன்னாய். நான் வாய்க்காலை வைத்து மின்னழுத்தமானி. முதல் நாள் சாயங்காலம் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தோம். நான் வகுப்பெடுத்தேன். நீ தண்ணீர்த் தொட்டிமேல் மாணவி மாதிரி உட்கார்ந்து கேட்டாய். என் இங்கிலீஷைத் திருத்தினாய். “அந்த இல வர்ற எடம் இருக்கு பாரு, அங்க கொஞ்சம் நிறுத்திச் சொல்லு. அதான் அடி தூள்” என்றாய். நீ சொன்னபடியே அங்கே நிறுத்திச் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

அகர வரிசையில் உன் பெயர் முன்னால். நீ உள்ளே போனாய். நான் வெளியே பெஞ்சில், கைக்குட்டைக்குள் இரண்டு வேப்பிலையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்தாய். “நல்லா பண்ணுடி. உனக்குத்தான் கெடைக்கும்” என்றாய். உன் கை சில்லென்று இருந்தது. பாவம், படபடப்பு என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு மக்கு இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

உள்ளே போனதும் கரும்பலகையைத்தான் முதலில் பார்த்தேன். துடைத்திருந்தார்கள், சரியாகத் துடைக்கவில்லை. பக்கம் பக்கமாக இரண்டு கட்டம், நடுவில் ஒரு சின்னத் திறப்பு, அதில் ஓர் இலை. நீ வரைந்த படம்.  அதைப் பார்த்த பிறகும் வாய் அது பாட்டுக்குத் தொடங்கிவிட்டது. முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள், நடுவில் உட்கார்ந்திருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

“இந்த வயல இப்பத்தான் பாத்தோம்மா.”

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். “ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே எடத்துலேர்ந்து எடுத்தீங்களா? இல்ல, முன்னாடி வந்தவங்க சொல்லிக் குடுத்தாங்களா?”

முதல்வர் நல்ல மனுஷர். “பரவாயில்ல, வேற ஏதாவது எடுங்க” என்றார். வேறு என்ன இருந்தது என்னிடம்? சூத்திரத்தை எழுதினேன், குறியைத் தப்பாகப் போட்டேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். வாய்க்காலுக்கு நான் வரவே இல்லை. லால்குடியில் பிறந்து வளர்ந்தவளைப் பார்த்து, இந்த வயலை யாரிடமிருந்து வாங்கி வந்தாய் என்று கேட்டார்கள். நத்தையைப் பார்த்து அலறியவளிடமிருந்து வாங்கினேன் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். சொல்லியிருக்கலாம்தான். இரண்டாவதாக வந்தவள் சொன்னால் எப்படிக் கேட்கும்? ஆற்றாமையில் பேசுகிறாள் என்பார்கள். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் நீ இல்லை.

ஐப்பசியில் எனக்குக் கல்யாணம். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாய். போட்டோவுக்கு என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாய். அந்தப் போட்டோ எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் விட்டுவைத்திருக்கிறேன். அப்புறம் பி.எட். படித்தேன், பள்ளிக்கு வந்தேன். இந்த வேலையை நான் குறை சொல்லவில்லை, இந்தப் பெண்கள் எனக்கு உயிர். ஆனால் உன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று அச்சடித்து உன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று நடந்ததைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஒரு முறை, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டாய். பிள்ளைகள், மாமியார், வெயில் என்று பேசிக்கொண்டே வந்தவள், “பசங்களுக்கு அந்த வயல் கதன்னா உசுருடி. வருஷா வருஷம் அதக் கேக்கறதுக்குன்னே காத்திருக்குதுங்க” என்றாய். கத்திரிக்காய் விலை சொல்கிற மாதிரி சொன்னாய். உன் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பஸ் வந்துடுச்சு என்று சொல்லிவிட்டு முன்னால் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது துறையூர் போகிற பஸ். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு நடந்து வந்தேன்.

நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பொய். கொடுத்திருக்க மாட்டேன். உனக்கும் அது தெரியும், அதனால்தான் நீ கேட்கவில்லை. அந்த வயல் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தவள் எடுத்தாய். எடுக்காமல் அளப்பது எப்படி என்று நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நீ என்னிடம் மொண்டுகொண்டு போனாய்.

இன்று தேன்மொழி கதையை முடித்தாள். “ரெண்டு வயலும் ஒரே மட்டம். நடுவுல திறந்துவிட்டாலும் தண்ணி ஓடாது. அதே மாதிரிதான், பேலன்ஸ் ஆயிடுச்சுன்னா இதுல கரண்ட்டே ஓடாது. இவ்வளவுதான் பொட்டென்ஷியோமீட்டர்!” பெண்கள் கைதட்டினார்கள். ஜன்னல் பக்கம் நின்ற ஒருத்தி மட்டும் தட்டவில்லை.

“மிஸ், கரண்ட்டே ஓடலன்னா பேட்டரி எதுக்கு மிஸ்? கழட்டிடலாமா?” என்றவள், பதிலுக்குக் காத்திராமல் பேட்டரிச் சுற்றின் சாவியைப் பிடுங்கிவிட்டாள். தொடுசாவி அழுத்திய இடத்திலேயே இருந்தது. சுழியத்தில் நின்ற முள் சட்டென்று ஒரு பக்கமாகப் பாய்ந்து அங்கேயே நின்றுகொண்டது.

தேன்மொழியின் முகம் சிவந்துவிட்டது. “எங்க மேம் இப்படி வரும்னு சொல்லலியே...” என்று முணுமுணுத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரும்பலகையில் அன்று பார்த்த படத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. நீ வாய்க்காலை எடுக்கவே இல்லை. இலை நின்றது மட்டும் உனக்குப் போதுமாக இருந்திருக்கிறது. தேங்கி நிற்கிற இரண்டு வயலை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் வகுப்பெடுத்து, கைதட்டல் வாங்கி, சமன் ஆனதும் கம்பியிலும் ஓட்டம் நின்றுவிடும் என்று எத்தனை பிள்ளைகளை நம்ப வைத்திருக்கிறாய்! எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். திருடினதுதான் திருடினாய், முழுசாகத் திருடித் தொலைத்திருக்கக் கூடாதா?

எழுந்து போய்க் கரும்பலகையில் வாய்க்காலைப் போட்டேன். தலைப்பு, வால், தாழ்ந்துகொண்டே போகும் மட்டம், பக்கத்தில் வயல், மூன்று இடத்தில் வெட்டு, மூன்றிலும் இலை. வாய்க்கால் ஓடவில்லை என்றால் வயல் தண்ணீர் எங்கே வெட்டினாலும் வெளியேதான் வரும், இப்போது முள் பாய்ந்ததே அதுதான் என்று சொன்னேன். அந்தப் பெண் பட்டென்று பிடித்துக்கொண்டாள். “அப்ப கம்பியில கரண்ட் ஓடிக்கிட்டேதான் இருக்கும். கால்வனாமீட்டர் இருக்கிற பக்கம் மட்டும்தான் ஓடாது, சரிங்களா மிஸ்?” சாவியை அவளே திரும்பச் செருகினாள். முள் சுழியத்துக்கு வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

பெண்கள் போனதும் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டே தேன்மொழி பக்கத்தில் வந்தாள். “சூப்பர் மேடம்! எங்க மேம் சொன்னதையே நீங்க இன்னும் நல்லா டெவலப் பண்ணியிருக்கீங்க. நீங்களும் எங்க மேம்கிட்டேர்ந்துதான் கத்துக்கிட்டீங்களா?”

மறுபடியும் அதே கேள்வி. இந்த முறை என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. “இல்லம்மா. உங்க மேமுக்கு அத நான்தான் சொல்லிக் குடுத்தேன். லால்குடியில எங்க அப்பா வயல்ல வச்சு” என்றேன். இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

தேன்மொழி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, “அப்படிங்களா மேடம்” என்று மரியாதையாகச் சிரித்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தனக்கு மந்திரியைத் தெரியும் என்று சொன்னால் நாம் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. கம்பிகளை டிராயரில் வைத்து மூடிவிட்டு, போயிட்டு வரேன் மேடம் என்று கிளம்பிவிட்டாள். அவள் நம்பவில்லை. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. செத்துப்போன பேராசிரியையைப் பற்றிப் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி இப்படிச் சொன்னால் நானும் நம்ப மாட்டேன்.

நான் சொன்னது உண்மை என்று சொல்லக்கூடிய ஆள் யார் என்று ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். அப்பா இல்லை. இருந்தாலும் அவருக்கு ஞாபகம் இருந்திருப்பது வெட்டுப்பட்ட வரப்பு மட்டும்தான். மிச்சம் நீ ஒருத்திதான். என் வயலை எடுத்துக்கொண்டவள்தான் அது என் வயல் என்பதற்கும் ஒரே சாட்சி. அந்தச் சாட்சியையும் எரித்தாகிவிட்டது. உன் சாவு வீட்டில் நானும் அழுதேன். பழைய சிநேகிதி, அழுகிறாள் என்று எல்லோரும் இடம் விட்டார்கள். எதற்காக அழுதேன் என்று அன்று எனக்கே விளங்கவில்லை. இன்றைக்குத்தான் விளங்கியது.

நீ உயிரோடு இருந்தவரை, என்றைக்காவது ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “தப்புத்தான்டி” என்பாய். நான் பதில் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவேன். நீ பின்னாலேயே வருவாய். உன்னிடமிருந்து திருப்பிக்கொள்வதற்கென்றே ஒரு முகத்தை இத்தனை வருடமாகத் தயாராக வைத்திருந்தேன். இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.